வெல்லும் குதிரை எது?

மதுரையில் ரேஸ்கோர்ஸ் சாலை என்று ஒரு சாலை உண்டு. ரேஸ்கோர்ஸ் மைதானம் என்றே பலரும் இன்றும் அழைக்கின்ற எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் அங்கேதான் இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஓடுகிறார்கள், குதிரைகள் ஓடுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

குதிரை ஓடாத ஊரிலும் குதிரையின்மேல் பணம் கட்டுவோர் இல்லாமற் போகவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் ஓடுகின்ற குதிரைகளை ஒருநாளும் நேரிற் கண்டிராதவர்கள், அவற்றின் பெயர், வயது, தாய் தந்தை, சுமக்கும் எடை ஆகிய யாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். இன்றைய எட்டுப் பந்தயங்களில் வெல்லப்போவது எது எது என்று காலையிலேயே தாளில் குறித்துவைக்கிறார்கள். “இது சூதாட்டமன்று ஹஜ்ரத்! கணக்கு, அறிவு. உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று வாதாடுகிறார்கள்.

அந்த வாதத்தை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒதுக்கப்பட்ட கேள்வி மறைந்துவிடுவதில்லை; அது மனத்தின் ஒரு மூலையில் உயிரோடு இருந்து, சம்பள நாளன்று மீண்டும் எழுந்து நிற்கும். ஆகவே அவர்கள் சொல்லும் அந்தக் கணக்கையே எடுத்து வைத்துப் பார்ப்போம்.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

குதிரை பார்த்துப் பணம் கொடுப்பது மதுரைக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய மன்னருக்காக அரபுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்திறங்கின. பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் தலைவரும் பெருவணிகருமான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதாக ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். குதிரை ஒன்றுக்கு விலை 220 தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய நாட்டிலேயே அமைச்சராக விளங்கினார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி கவனிக்கத்தக்கது. கடல் வழியில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலை பாண்டியனின் கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும்! வந்த குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. அவற்றுக்கு உணவிடும் முறையும் பேணும் முறையும் இங்கே அறியப்படாமையால் ஆண்டு தோறும் பெரும்பாலானவை மடிந்தன என்று மார்கோ போலோவும் குறித்திருக்கிறார். குதிரை வாழ்ந்தாலும் மடிந்தாலும் விற்றவருக்கு விலை வந்து சேர்ந்தது. இழப்பு முழுவதும் வாங்கியவருடையதாயிற்று.

வணிகம் வேறு, பந்தயம் வேறு. ஆயினும் இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குதிரை ஓடினாலும், எந்தக் குதிரை விழுந்தாலும், தவறாமல் பணம் பெறுகின்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் பந்தயம் கட்டுகின்றவர் அல்லர்.

தேர்ந்தெடுக்கும் கலை

பந்தயக் குதிரையைத் தேர்ந்தெடுப்பதில் அறிவுக்கு இடமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. குதிரை இதற்கு முன் ஓடிய பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது, எத்தனை மீட்டர் தூரம் அதற்கு ஏற்றது, ஈரத் தரையில் நன்றாக ஓடுமா, காய்ந்த தரையிலா, சவாரி செய்யும் ஜாக்கி யார், பழக்கிய டிரெய்னர் யார், கடைசியாக ஓடி எத்தனை நாளாயிற்று, உள்வட்டத்திலிருந்து புறப்படுகிறதா, வெளிவட்டத்திலிருந்தா என்றெல்லாம் ஆராய்கிறார்கள். பந்தய நாளுக்கு முன் வெளிவரும் ரேஸ் புத்தகத்தில் இந்த விவரங்கள் யாவும் அச்சாகியிருக்கும். வம்சாவளியும் பார்க்கிறார்கள். உலகெங்கும் ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி, கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற மூன்று ஆண் குதிரைகளிடம் போய் முடிகிறது. அவற்றுள் டார்லி அரேபியன் என்பது 1704-ஆம் ஆண்டில் சிரியாவின் ஹலபு நகரிலிருந்து கொண்டு செல்லப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மிகுதியான பந்தயங்கள் ‘ஹேண்டிகேப்’ முறையில் நடத்தப்படுகின்றன. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமைக்கேற்ப மதிப்பெண் இடப்படுகிறது. இந்தியப் பந்தயங்களில் ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் எடை ஏறுகிறது. மற்றொன்றைவிடப் பத்து மதிப்பெண் உயர்ந்த குதிரை, ஐந்து கிலோ கூடுதலாகச் சுமந்து ஓட வேண்டும். எதற்காக? எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காக! எது வெல்லும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி செய்வதற்காகவே சம்பளம் கொடுத்து ஓர் அதிகாரியை அமர்த்தியிருக்கிறார்கள். அவர் தம் வேலையைச் செம்மையாகச் செய்தால், நம் நண்பர் காலையில் குறித்த தாளுக்கு என்ன மதிப்பு?

இதற்கு மேலும் எவர் கணக்கிலும் அடங்காத நிகழ்ச்சிகள் உள்ளன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், 1967-ஆம் ஆண்டு, 23-ஆவது தடையருகே குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குழம்பி நின்றன. மிகவும் பின்தங்கி வந்துகொண்டிருந்த ஃபாய்னவன் என்ற குதிரை, அந்தக் குழப்பத்தில் சிக்காமல் தாண்டிச்சென்று வென்றது. அதன்மீது விலை ஒன்றுக்கு நூறு. எந்த ரேஸ் புத்தகம் அதைச் சொல்லியிருக்கும்?

கணக்கென்றால் கணக்கே ஆகட்டும்

ஒரு பந்தயத்தில் மக்கள் மிகுதியாகப் பணம் கட்டும் குதிரையை ‘ஃபேவரைட்’ என்கிறார்கள். உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலமாகக் காணப்படும் அனுபவம் என்னவெனில், இத்தகைய குதிரை ஏறத்தாழ மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை வெல்கிறது. அப்படியானால் மக்களின் அறிவு முற்றிலும் வீணன்று. பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் பத்துக்கு ஒருமுறைதானே வெல்லும்?

இப்போது பணத்தைப் பாருங்கள். ஒருவர் 30 பந்தயங்களில் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் வீதம் ஃபேவரைட் குதிரைமேல் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய தொகை 3,000 ரூபாய். பத்து முறை வெல்கிறார். ஒவ்வொரு வெற்றிக்கும் கட்டிய பணத்தோடு சேர்த்து 300 ரூபாய் திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் எல்லோரும் அதே குதிரையின்மேல் கட்டியிருப்பதால் விலை இறங்கிவிடுகிறது. 250 ரூபாய் வந்தால் மொத்தம் 2,500. கையிலிருந்து 500 ரூபாய் போயிற்று. இவ்வளவுக்கும் இவர் பத்து முறை வென்றவர்! அந்தப் பத்து வெற்றிகளை ஊருக்கெல்லாம் சொல்லுவார். ஐந்நூறு ரூபாய் போனதை வீட்டில்கூடச் சொல்லமாட்டார்.

அந்த 500 ரூபாய் எங்கே போகிறது? டோட் எனப்படும் பொது நிதி முறையைப் பாருங்கள். 1860-களில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லர் என்பவர் வகுத்த முறை இது. கட்டிய பணம் யாவும் ஒரே நிதியில் சேர்கிறது. அதிலிருந்து நடத்துவோரின் பங்கும் வரியும் முதலில் எடுக்கப்படுகின்றன. எஞ்சியதுதான் வென்றவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. நூற்றுக்கு இருபது எடுக்கப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் 100 ரூபாயுடன் வந்து, கையில் மிஞ்சுவதை மீண்டும் மீண்டும் எட்டுப் பந்தயங்களில் கட்டினால், சராசரியாக அவரிடம் மிஞ்சுவது 17 ரூபாய்க்கும் குறைவு. ஒருவருக்கு இருநூறு கிடைத்திருக்கலாம். அப்படியானால் வேறு பலர் வெறுங்கையோடு பேருந்துக்கு நடந்திருப்பார்கள்.

இது போதாதென்று, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்துள்ளது. இவ்வளவையும் தாண்டி லாபம் பார்க்க வேண்டுமானால் எத்தகைய ஆற்றல் வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள்.

அத்தகைய ஆற்றல் பெற்றவர் உலகில் இல்லையா? இருக்கிறார். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஹாங்காங்குக்குச் சென்று, ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் நூற்றுக்கு மேற்பட்ட விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, கணித முறையில் ஆராய்ந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். தொடக்கத்தில் அவரும் இழந்தார். பின்னர் பெருமுதலும், பல பணியாளர்களும், பல்லாண்டு உழைப்பும் சேர்ந்தே அவர் வென்றார். “பார்த்தீர்களா, அறிவு வென்றதல்லவா?” என்று கேட்பீர்கள். ஆம், வென்றது. ஆனால் யாரை வென்றது? குதிரையையா? இல்லை. அதே நிதியில் பணம் போட்ட ஆயிரமாயிரம் எளியவர்களை வென்றது. விதைத்தவன் அறுக்கிறான், நெய்தவன் விற்கிறான், அவர்களால் உலகில் ஒரு பொருள் கூடுகிறது. பந்தயக் கூடத்தில் ஒரு மணி நெல்லும் விளைவதில்லை. ஒருவன் சட்டைப்பையில் ஏறியது, மற்றொருவன் சட்டைப்பையிலிருந்து இறங்கியதே. அவ்வளவு அறிவுள்ளவரோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுப் பங்கு தேடுகிறவர் நம் தெருவின் தையற்காரரும், ஆட்டோ ஓட்டுநரும்!

நரிகள் பரிகளாகும் நேரம்

பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருள் வேறு வழியிற் செலவாக, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததாகவும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு ஓடியதாகவும் ஒரு திருவிளையாடற் கதையை மதுரை மக்கள் அறிவர். சைவ அன்பர்களுக்கு அது பக்திக் கதை. அதிற்பிறந்த உவமையோ இந்த மண்ணில் எல்லோருக்கும் பொது. பந்தய உலகில் ஒவ்வொரு வாரமும் நரிகள் பரிகளாகின்றன. அதற்கு ‘டிப்ஸ்’ என்று பெயர்.

“உறுதியான குதிரை, உள்ளேயிருந்து வந்த செய்தி” என்று ஒருவன் சொல்லுகிறான். அது எவ்வாறு பலிக்கிறது என்று கேளுங்கள். எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயம். 800 பேருக்குச் செய்தி அனுப்புகிறான். நூறு பேருக்கு முதற்குதிரையின் பெயர், அடுத்த நூறு பேருக்கு இரண்டாவதன் பெயர், இப்படியே எட்டுக் குதிரைகளுக்கும். எது வென்றாலும் நூறு பேருக்கு அவன் சொன்னது பலித்திருக்கும்! அந்த நூறு பேருக்கு மட்டும் அடுத்த செய்தி. இம்முறை பன்னிரண்டு பேருக்குப் பலிக்கும். அந்தப் பன்னிருவரும் அவனை மேதையென்று நம்பி, மூன்றாம் செய்திக்குக் கேட்ட கட்டணத்தைக் கொடுப்பார்கள். அவன் குதிரையைப் பற்றி ஒன்றுமே அறிந்திருக்கத் தேவையில்லை. அறிந்திருக்க வேண்டியது மனிதரின் ஆசையை மட்டுமே. முன்பு கடிதத்திலும் தொலைபேசியிலும் நடந்தது இப்போது கைபேசியில் நொடியில் நடக்கிறது.

உண்மையாகவே வெல்லும் குதிரையை அறிந்தவன், அதை ஐந்நூறு ரூபாய்க்கு நமக்கு ஏன் விற்கிறான் என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தாலே போதும். பரியின் வால் நரியின் வாலாகத் தெரியும்.

நீதிமன்றம் சொன்னது எது?

தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு நீண்டது. கிண்டியில் 1777-ஆம் ஆண்டிலேயே பந்தயம் தொடங்கியது. சென்னை ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. 1974-இல் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. கிளப் நீதிமன்றம் சென்றது. இருபதாண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கென அறியப்படும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியது. குதிரையின் பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றைச் சார்ந்திருப்பதால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு. சூதாட்டச் சட்டங்களின் பொருளில் அது சூதாட்டமன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்தக் கிண்டி மைதானத்தின் 160 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது வேறு வரலாறு.

ஒரு செயலைக் காவல்துறை தண்டிக்கலாமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. நம் வீட்டுச் சோற்றுப் பானையை அதில் வைக்கலாமா என்பது நம் கேள்வி. முன்னதற்கான விடை பின்னதற்கு விடையாகாது. மேலும், ‘திறமை’ என்ற சொல்லின் காப்பும் குறைந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் திறமை சார்ந்தவையாயினும் அதிர்ஷ்டம் சார்ந்தவையாயினும் இரண்டையுமே தடைசெய்தது. பாழான குடும்பத்துக்கு, தாம் திறமையால் பாழானோமா, அதிர்ஷ்டத்தால் பாழானோமா என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

மார்க்கம் குதிரையை வெறுக்கவில்லை

இஸ்லாம் குதிரைக்கும் ஓட்டத்துக்கும் எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதிற் கலந்துகொண்டு ஓட்டினார்கள். இச்செய்தி புகாரி கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகிய போட்டிகளுக்குப் பரிசு வழங்கவும் அனுமதியுண்டு.

அப்படியானால் தடை எங்கே வருகிறது? பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் வருகிறது. ஆட்சியாளரோ மூன்றாம் மனிதரோ வெற்றி பெற்றவருக்குப் பரிசு கொடுத்தால் அது பரிசு. இருவரும் ஆளுக்கு ஒரு தொகை வைத்து, வென்றவன் இரண்டையும் எடுத்துக்கொள்வது என்றால் அது சூது. ஃபிக்ஹு நூல்கள் அதற்கு ‘கிமார்’ என்று பெயரிடுகின்றன. ஓடவும் ஓட்டவும் செய்யாமல், வேலிக்கு வெளியே நின்று ஒருவர் பணத்தை மற்றொருவர் எடுக்கும் பந்தயத்துக்கு இதில் எந்த வாயிலும் திறக்கவில்லை.

நம் மதுரைச் சமவெளியில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் ஓடுகின்றன. ஊரார் பரிசு வைக்கிறார்கள், வென்றவர் பெறுகிறார். அதன் மார்க்கச் சட்டத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மாட்டை வதைத்து ஓட்டுவதும் நமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்தச் சாலையோரத்தில் நின்று பார்த்த ஆயிரம் பேரும் வந்தபோது இருந்த பணத்தோடு வீடு திரும்புகிறார்களே, அந்த வேறுபாட்டைச் சுட்டவே சொன்னேன். அதே சாலையோரத்தில் நால்வர் கூடி வண்டியின்மேல் பணம் கட்டினால், அந்த நொடியில் வேறுபாடு அழிந்துவிடுகிறது.

“பந்தயத்தால் பலருக்கு வேலை கிடைக்கிறது, அரசுக்கு வரி கிடைக்கிறது” என்றும் சிலர் கூறுவர். அறியாமைக் காலத்து அரபிகளும் இதையே கூறியிருக்கக்கூடும். அவர்கள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்து, வெறும் அம்பு வந்தவர் விலையைக் கொடுக்க, இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கினார்கள். அதுவே ‘மைஸிர்’. அதில் மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பயனைவிடப் பாவம் பெரிது என்று திருக்குர்ஆன் நியாயம் பேசுகிறது. பயனே இல்லை என்று அது சொல்லவில்லை. எடை போட்டுப் பார்க்கச் சொல்லுகிறது. பகைமையை மூட்டுவதும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் அந்தத் தராசின் மறுதட்டில் உள்ளன.

வீட்டில் இழப்பவர் யார்?

பந்தயத்தில் தோற்றவர் அடுத்த பந்தயத்தில் அதை மீட்க நினைக்கிறார். இதுவே இந்நோயின் இருதயம். மீட்பதற்குப் பெரிய தொகை வேண்டும். பெரிய தொகைக்கு மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அடகுக்கு வட்டி ஏறுகிறது. ஒரு ஹராம் மற்றொரு ஹராமின் கையைப் பிடித்து அழைத்துவருகிறது. மனைவி மக்களின் உணவும் உடையும் கணவன்மீது கடமையாக்கப்பட்ட ஜீவனாம்சம். அது அவனுடைய சொந்தப் பணமன்று; அவனிடம் இருக்கும் அவர்களின் உரிமை. அந்தப் பணத்தைக் குதிரையின் கால்களில் கட்டுகிறவன், பிறர் பொருளையே கட்டுகிறான்.

இத்தகைய வீட்டிலுள்ள சகோதரிகளுக்குச் சில சொற்கள். கடன் தெரிந்தவுடன் அதை மறைப்பதற்காக நீங்களும் கடன் வாங்காதீர்கள். அது அவரைக் காப்பதாகாது, அடுத்த பந்தயத்துக்கு வழி செய்வதாகும். குடும்பப் பெரியவர் ஒருவரிடம், அல்லது நம்பிக்கைக்குரிய ஆலிமிடம், காலந்தாழ்த்தாமல் சொல்லுங்கள். வருமானத்தைச் சிலகாலம் வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சம்மதிக்கச் செய்யுங்கள். பந்தயம் கட்டிய ஒவ்வொரு தொகையையும், வென்றது தோற்றது இரண்டையும், ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த உபதேசத்தையும் விட அந்த நோட்டின் கடைசிப் பக்கம் உரக்கப் பேசும். கையை நிறுத்த இயலாத அளவுக்குப் போய்விட்டவருக்கு மனநல மருத்துவரின் உதவியும் தேவை, அதில் வெட்கமில்லை.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். பாவச் செயலுக்காகக் கடன்பட்டவர் உண்மையாகவே தவ்பா செய்து திருந்தினால், அவருக்கும் உதவ இடமுண்டு என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் விளக்கியுள்ளனர். அத்தகையவரைப் பெயர் சொல்லி இகழ்வதைவிட, அடகிலிருக்கும் அந்தத் தாலியையும் வளையலையும் மீட்டுக்கொடுப்பது மஹல்லாவுக்கு அழகு.

அல்பா என்ற ஒட்டகம் அண்ணலாருக்கு இருந்தது. எந்த ஒட்டகமும் அதை முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி தம் இளம் ஒட்டகத்தின்மேல் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்குத் தாங்க முடியவில்லை. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்தியே தீருவது இறைவனின் நியதி என்ற கருத்தைச் சொல்லி நபிகளார் (ஸல்) அவர்களைத் தேற்றினார்கள். வெல்லும் குதிரை எது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? இன்று வெல்லும் குதிரை நாளை தோற்கும். மாதக் கடைசியில் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு, அது எந்தக் குதிரையாக இருந்தால் என்ன?